தார் ரோட்டுக்குத் தார் வேண்டுமா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"நீங்கள் பேங்கில் இருந்தவர், கார் வாங்குவது பற்றி அரை மணி நேரம் பேசுங்கள்" என்றார் செயலாளர். எந்தக் கார் என்று கேட்டேன். "எல்லாரும் ஒரே வண்டியைத்தானே சொல்கிறார்கள்" என்று சிரித்தார். உண்மைதான். நம் வளாகத்தில் இப்போது எந்த வீட்டில் புது வண்டிப் பேச்சு எடுத்தாலும் பிள்ளைகள் தார் என்கிறார்கள், ராக்ஸ் என்கிறார்கள், ஜிம்னி என்கிறார்கள். மலை ஏறும், ஆற்றில் இறங்கும், காட்டில் போகும் என்று போனில் வீடியோவும் காட்டுகிறார்கள். அப்பா பி.எஃப். பணத்தை நினைத்துக்கொள்கிறார். அம்மா, "இதில் நான் எப்படி ஏறுவேன்?" என்று கேட்கிறார். இந்த மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் இன்று பேசப்போகிறேன். வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கைச் சொல்ல வந்திருக்கிறேன்.

ஜீப் என்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. மகிந்திரா கம்பெனி 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. அதன்பின் பி.டி.ஓ. ஆபீஸ் ஜீப், போலீஸ் ஜீப், எஸ்டேட் ஜீப், தேர்தல் நேரத்தில் மைக் கட்டிய ஜீப் என்று பார்த்துத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். இன்றும் குண்டாறு அணைப் பக்கம் போனால் மேலே ஏறுவதற்கு ஜீப்தான். ஆனால் அந்த ஜீப்பெல்லாம் வேலைக்கு வாங்கியவை. குடும்பத்துக்கென்று ஜீப் வாங்கும் வழக்கம் சமீபத்தில் வந்தது. 2010-ல் தார் என்ற பெயர் வந்தது. 2020 அக்டோபர் 2-ல் புதுத் தார், 2023 ஜூனில் ஐந்து கதவு ஜிம்னி, 2024 மே மாதம் ஐந்து கதவு கூர்க்கா, அதே ஆகஸ்டில் தார் ராக்ஸ் என வரிசையாக வந்தன. ஏசி, பாட்டுப்பெட்டி, பெரிய திரை எல்லாம் சேர்ந்தன. அதோடு விலையும் சேர்ந்தது.

முதல் கணக்குக்கு விலைப்பட்டியல் தேவையில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, போன 12 மாதத்தில் உங்கள் குடும்பம் வண்டியில் போன ஊர்களை எழுதுங்கள். தென்காசி மார்க்கெட், காசி விஸ்வநாதர் கோவில், குற்றாலம், செங்கோட்டை, பண்பொழி திருமலைக்கோவில், திருநெல்வேலி ஆஸ்பத்திரி, சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டம், புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலை, கொல்லம். பெரும்பாலான வீட்டுப் பட்டியல் இதற்குள் அடங்கிவிடும். இதில் தார் ரோடு இல்லாத ஊர் எது? திருமலைக்கோவிலுக்கே மேலே வரை ரோடு இருக்கிறது. புளியரை எஸ் வளைவில் லாரிகள் அடைத்துக்கொண்டால், எந்த வண்டியாக இருந்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் மேக்கரைப் பக்கம் தோப்பு, மலையடிவாரத்தில் எலுமிச்சைத் தோட்டம், மழைக்காலத்தில் சேறாகிவிடும் வண்டிப்பாதை என்று ஏதாவது வருகிறதா? வாரம் ஒருமுறையாவது அங்கே போகிறீர்களா? அப்படியென்றால் உங்களுக்கு இந்த வண்டி தேவைக்கே உரியது. நான் சொல்வதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. மற்றவர்கள் தொடர்ந்து கேளுங்கள்.

இரண்டாவது, வாங்கும் வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்து வாங்க வேண்டும். "தார் வாங்கிவிட்டோம், இனிமேல் எங்கேயும் போகலாம்" என்று நினைப்பவர்களில் பலருடைய வண்டியில் ஃபோர் வீல் டிரைவே கிடையாது. மூன்று கதவுத் தாரிலும் ராக்ஸிலும் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வகை ஒன்று, நான்கு சக்கரமும் இழுக்கும் வகை ஒன்று என இரண்டு உண்டு. ராக்ஸில் நான்கு சக்கர வகை டீசலில் மட்டும்தான் வருகிறது. ராக்ஸ் வந்தபோது ஆரம்ப விலை 12.99 லட்சம் என்று விளம்பரம் செய்தார்கள். அது பின்சக்கர பெட்ரோல் வண்டியின் விலை. நான்கு சக்கர டீசலின் அறிமுக விலை 18.79 லட்சத்தில் தொடங்கியது. இடைவெளி 5.80 லட்சம். இந்த இடைவெளியில் மற்ற வசதிகளும் டீசல் இன்ஜினும் சேர்ந்திருக்கின்றன என்பது உண்மை. ஆனால் நான்கு சக்கரம் வேண்டுமென்றால் அந்த விலைக்கு ஏறித்தான் ஆக வேண்டும். ஜிம்னியிலும் கூர்க்காவிலும் எல்லா வகையிலும் நான்கு சக்கர இழுவை உண்டு.

ஃபோர் வீல் டிரைவ் எப்போது உதவும்? இந்த வண்டிகளில் கியருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டுப்பாடு இருக்கும். டூ ஹெச் என்பது சாதாரண ஓட்டம், பின்சக்கரம் மட்டும் இழுக்கும். ஃபோர் ஹெச் என்பது சேறு, மணல், ஈரப் புல் போன்ற வழுக்கும் தரைக்கு. ஃபோர் எல் என்பது மெதுவாக, பெரும் இழுவையோடு மேட்டில் ஏறவும் பாறைப் பாதையில் இறங்கவும். ஈரமில்லாத தார் ரோட்டில் ஃபோர் ஹெச் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் ஓடும் தூரமும் பின்சக்கரம் ஓடும் தூரமும் வேறு வேறு. இந்த வகை அமைப்பில் முன்னும் பின்னும் இறுக்கமாகப் பிணைந்துவிடுவதால் அந்த வித்தியாசத்துக்கு இடம் இல்லாமல் கியர் பாகங்கள் முறுக்கிக்கொள்ளும். ஆக, தென்காசியிலிருந்து திருநெல்வேலி வரை போய்வந்தால் அந்த வசதி சும்மா உட்கார்ந்து பயணம் செய்கிறது. அதன் எடையை நீங்கள் இழுக்கிறீர்கள், அதற்கும் டீசல் ஊற்றுகிறீர்கள்.

தம்பிமார்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு சக்கரமும் இழுத்தால் வண்டி கிளம்புவது சுலபம். நிற்பது சுலபமாகாது. பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. சாரல் விழுந்து, ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும்போது உங்களைக் காப்பாற்றுவது டயரும் வேகக் குறைப்பும்தான். இந்த வண்டிகள் உயரமானவை. வளைவில் காரைப் போல வீசித் திருப்பினால் சாயும்.

மூன்றாவது, யார் யார் உட்காரப் போகிறார்கள்? மூன்று கதவுத் தாரில் நான்கு பேர். பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கி உள்ளே நுழைய வேண்டும். ஜிம்னியில் ஐந்து கதவு இருந்தாலும் நான்கு பேர்தான். எல்லா சீட்டும் நிமிர்ந்திருந்தால் டிக்கி 208 லிட்டர். குற்றாலத்தில் குளித்த ஈரத்துணி மூட்டை, எண்ணெய், சோப்பு, சோற்றுத் தூக்கு வைத்தாலே நிறைந்துவிடும். ராக்ஸில் ஐந்து பேர். கூர்க்கா ஐந்து கதவில் ஏழு பேர், ஆனால் கடைசி வரிசைக்கு ஏறுவது பெரியவர்களுக்குச் சிரமம். தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம் வரை ஜிம்னியில் 210 மில்லிமீட்டர், தாரில் 226, கூர்க்காவில் 233. அடி உயர்ந்தால் படியும் உயரும். முழங்கால் வலி உள்ளவர் வீட்டில் இருந்தால் அவரை ஷோரூமுக்குக் கூட்டிப் போங்கள். மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். விற்பனையாளர் எத்தனை படம் காட்டினாலும், அம்மா முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பாதுகாப்பு மதிப்பீட்டையும் கேளுங்கள். மூன்று கதவுத் தார் 2020-ல் குளோபல் என்கேப் சோதனையில் 4 நட்சத்திரம் வாங்கியது. ராக்ஸ் 2024 நவம்பரில் பாரத் என்கேப் சோதனையில் 5 நட்சத்திரம். ஆனால் அந்த நட்சத்திரமெல்லாம் பெல்ட் போட்டவருக்குத்தான். பின்சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம். போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய்.

இனி என் பழைய மேசைக்கு வருகிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியது. 4 மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள்ளும், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள்ளும் இருக்கும் வண்டிக்கு 18 சதவீதம். மற்றவற்றுக்கு 40 சதவீதம். ஜிம்னி 4 மீட்டருக்குள் அடங்கினாலும் பெட்ரோல் இன்ஜின் 1,462 சி.சி. என்பதால் 40. மூன்று கதவுத் தாரில் 1.5 லிட்டர் டீசல், பின்சக்கர வகை 18-க்குள் வந்துவிட்டது. அதனால்தான் 2025 அக்டோபரில் அதன் ஆரம்ப விலை 9.99 லட்சம் ஆனது. நான்கு சக்கர வகைகள் பெரிய இன்ஜினோடு வருவதால் 40-ல்தான் இருக்கின்றன.

அடுத்து சாலை வரி. நம் மாநிலத்தில் 2023 நவம்பர் முதல் காருக்கு ஆயுள் வரி நான்கு படி. 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இந்தப் படியைக் கவனியுங்கள். 9.90 லட்சம் வண்டிக்கு 13 சதவீதம் என்றால் 1,28,700 ரூபாய். 10.10 லட்சம் வண்டிக்கு 18 சதவீதம் என்றால் 1,81,800 ரூபாய். விலையில் வித்தியாசம் 20,000. வரியில் வித்தியாசம் 53,100. "இன்னும் கொஞ்சம் போட்டால் அடுத்த வகை கிடைக்கும் சார்" என்று ஷோரூமில் சொல்லும்போது இந்தக் கொஞ்சம் அவர்கள் வாயில் வராது. 18.79 லட்சம் வண்டிக்கு ஷோரூம் விலையின் மேலேயே போட்டால் வரி மட்டும் 3,38,220. இன்சூரன்சும் மற்றதும் சேர்ந்தால் 23 லட்சத்தைத் தொடும். ஆகவே விலை கேட்கும்போது "ஆன் ரோடு எவ்வளவு, எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 1 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். அது செலவு அல்ல, உங்கள் பான் எண்ணில் வரவாகும் முன்வரி. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம், வரி இல்லாதவர் திரும்பப் பெறலாம். பென்ஷன்காரர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 18.79 லட்சத்துக்கு அது 18,790 ரூபாய். விடாதீர்கள்.

கடன். 10 லட்சம், 9 சதவீதம், குறையும் நிலுவை வட்டி என்று வைத்துக்கொள்வோம். 5 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 20,760, மொத்த வட்டி சுமார் 2.45 லட்சம். 7 ஆண்டு என்றால் தவணை 16,090, மொத்த வட்டி சுமார் 3.51 லட்சம். மாதம் 4,670 குறைகிறதே என்று சந்தோஷப்பட்டால் கடைசியில் 1 லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டியிருப்போம். அதோடு ஆறாவது, ஏழாவது ஆண்டில் டயர், பேட்டரி, பெரிய சர்வீஸ் எல்லாம் தவணையோடு சேர்ந்து வரும்.

இன்னொரு பேச்சு நடக்கும்: "வெறும் 5 சதவீத வட்டி சார்." அது ஃப்ளாட் வட்டியா என்று கேளுங்கள். ஃப்ளாட் என்றால் நீங்கள் அசலைக் கட்டக் கட்ட வட்டி குறையாது. முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி மாதம் வரை வட்டி. 10 லட்சத்துக்கு 5 சதவீத ஃப்ளாட், 5 ஆண்டு என்றால் தவணை 20,833. அது குறையும் நிலுவைக் கணக்கில் 9 சதவீதத்துக்கும் மேல். எந்தப் பெயர் வைத்தாலும் தவணையையும் மாதங்களையும் பெருக்கி, அசலைக் கழித்துப் பாருங்கள். மீதி வருவதுதான் வட்டி. முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்பதையும் கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள். கடன் முடிந்ததும் வங்கியிடம் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி. புத்தகத்திலிருந்து கடன் பதிவை நீக்கிவிடுங்கள். நீக்காமல் விட்டால் விற்கும் நாளில் அலைச்சல்.

இப்போது பெரியவர்களுக்குத் தனியாக. மகன் அல்லது மகள் வண்டி வாங்க நீங்கள் டெபாசிட்டை உடைக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்துக்குப் போட்ட 20 லட்சம் உங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய் தருகிறது. மருந்து, பால், மின்சாரம், இந்தச் சங்கத்தின் பராமரிப்புக் கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான் போகும். முதல் ஆண்டுக்குள் உடைத்தால் வாங்கிய வட்டியைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாம் ஆண்டுக்குள் என்றால் அசலில் 1.5 சதவீதம் பிடித்தம், அதற்குப் பின் 1 சதவீதம். பிடித்தம் சின்னதுதான். போகும் வருமானம்தான் பெரிது. வண்டி முதல் நாளிலிருந்தே விலை இறங்கும் பொருள். வீட்டில் பென்ஷன் இல்லாத துணைவியார் இருந்தால் அவர் பெயரில் இருக்கும் பணத்தைத் தொடவே வேண்டாம்.

"பணம் வேண்டாம்ப்பா, ஜாமீன் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்றால்? இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ம் பிரிவுப்படி, வேறு விதமாக ஒப்பந்தத்தில் எழுதாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமம். கடன்காரர் கட்டாவிட்டால் உங்கள் பக்கம் வருவார்கள். பிள்ளை மேல் நம்பிக்கை இல்லை என்று பொருள் அல்ல. பிள்ளைக்கு வேலை போனால் அந்தத் தவணையை உங்கள் பென்ஷன் தாங்குமா என்று பார்த்துப் போடுங்கள்.

இனி உயிர் விஷயம். இதற்காகத்தான் செயலாளரிடம் நேரம் கூட்டிக் கேட்டேன்.

விளம்பரத்தில் வண்டி ஆற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. தாருக்கு 650 மில்லிமீட்டர், கூர்க்காவுக்கு 700 மில்லிமீட்டர் தண்ணீரைக் கடக்கும் ஆழம் என்று கம்பெனி சொல்கிறது. அந்த எண் பொய் அல்ல. ஆனால் அது ஓடாத தண்ணீருக்கு, தரை தெரிந்த இடத்துக்கு, மெதுவாகப் போகும் வண்டிக்கு. ஓடும் வெள்ளம் வேறு. வேகமாக ஓடும் 1 அடித் தண்ணீர் பெரும்பாலான கார்களை அடித்துச் செல்லும், 2 அடி இருந்தால் எஸ்.யு.வி.யையும் லாரியையும் தூக்கிவிடும் என்று அமெரிக்க வானிலைத் துறை தன் மக்களுக்கு எச்சரிக்கிறது. 2 அடி என்பது சுமார் 610 மில்லிமீட்டர். கம்பெனி சொல்லும் 650-ஐ விடக் குறைவு! அடி உயரமான வண்டி என்பதால் தைரியம் வருகிறது, அதே தைரியம்தான் தண்ணீருக்குள் இறக்குகிறது.

நம் ஊர்த் தண்ணீரின் குணம் நமக்குத் தெரியும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மலையில் கொட்டியிருக்கும். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீரென்று வெள்ளம் இறங்கி, குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். 2023 டிசம்பர் 17, 18-ல் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ரோடு எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியாத அந்த நிலையில் தரைப்பாலம் இருக்கிறதா, அடித்துப் போய்விட்டதா என்று வண்டிக்குள் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? எந்த வண்டி என்றாலும், தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் திரும்பி வாருங்கள். சுற்றிப் போனால் அரை மணி நேரம் கூடும், அவ்வளவுதான்.

தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போய் அது அழுத்தப்பட்டால் உள்ளே ராடு வளைந்துவிடும். சாதாரண முழு இன்சூரன்சில் இந்தச் சேதம் பொதுவாக வராது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனிச் சேர்ப்பு இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுப் பாருங்கள்.

காடு. மலைமேல் ஏறினால் ஆஃப் ரோடு என்று நினைக்கிறார்கள். குற்றாலத்துக்கு மேலே செண்பகாதேவி, தேனருவி எல்லாம் வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும் காடு. இந்த மலைத்தொடரில் பெரும்பகுதி நெல்லை வனவிலங்கு சரணாலயம், தெற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவது 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வண்டியையே பறிமுதல் செய்யலாம். ஓடைக்குள் வண்டி ஓட்டிப் படம் எடுப்பது சின்ன விளையாட்டாகத் தெரியும். அந்த ஓடைத் தண்ணீர்தான் கீழே குளத்துக்கும் வயலுக்கும் வருகிறது. ஆக, சட்டப்படி இந்த வண்டியை ரோட்டை விட்டு இறக்கி ஓட்ட நமக்கு இருக்கும் இடம் சொந்தத் தோட்டம், அல்லது உரிமையாளர் அனுமதித்த எஸ்டேட் பாதை. அது இல்லாதவர் இவ்வளவு பணம் கொடுத்து வாங்கும் திறமையை எங்கே உபயோகிப்பது?

வருஷத்தில் நான்கு முறை மேட்டுப்பாதையில் ஏற ஆசை என்றால் உள்ளூர் ஜீப்பை டிரைவரோடு வாடகைக்கு எடுங்கள். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். முன்பு சொன்ன 5.80 லட்சத்துக்கு 116 தடவை போகலாம். வருஷத்துக்கு நான்கு என்றால் 29 வருஷம். பாதையும் தண்ணீரும் தெரிந்த ஆள் ஓட்டுகிறார் என்பது கூடுதல் லாபம். அனுமதியுள்ள இடத்துக்கு மட்டும் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

கடைசியாக நம் வளாகம். தமிழ்நாட்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் ஒரு காருக்கு ஒதுக்கும் இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். ராக்ஸின் அகலம் 1.87 மீட்டர். நடுவில் சரியாக நிறுத்தினாலும் ஒரு பக்கத்துக்கு ஓர் அடிதான் மிச்சம். கண்ணாடி அதையும் தின்றுவிடும். பக்கத்து வண்டிக்காரர் கதவைத் திறந்து எப்படி இறங்குவார்? ஜிம்னி 1.645 மீட்டர், அது தேவலை. கூர்க்காவின் உயரம் 2 மீட்டருக்கு மேல். கீழ்த்தளத்தில் உத்தரமும் தண்ணீர்க் குழாயும் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று அளந்துகொள்ளுங்கள், மேலே கேரியர் வைப்பதாக இருந்தால் அதையும் சேர்த்து. இன்னொன்று, தாரிலும் ஜிம்னியிலும் ஸ்டெப்னி பின்கதவில் தொங்கும், கதவு பக்கவாட்டில் திறக்கும். சுவரை ஒட்டிப் பின்புறம் விட்டு நிறுத்தினால் டிக்கி திறக்காது. முன்பதிவுக்கு 10,000 கட்டுவதற்கு முன் 100 ரூபாய் டேப்பை எடுத்து இடத்தை அளந்துவிடுங்கள்.

வாங்கியபின் அலங்காரம் என்று பெரிய டயர், கூடுதல் விளக்கு, முன்னால் இரும்புக் கம்பி என்று பூட்டுவார்கள். முன்பக்க இரும்புக் கம்பிக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் தடை சொல்லிவிட்டது. மோதும்போது நடந்து போகிறவரை அது கொல்லும், நம் வண்டியின் காற்றுப்பை சரியான நேரத்தில் விரிவதையும் கெடுக்கும். கம்பெனி வடிவத்தை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுக்கு எதிராகலாம். இன்சூரன்ஸ் கேட்கும் நாளில் அதையே காரணமாகக் காட்டுவார்கள்.

சரி, முடிவாக என்ன? தோட்டமோ மண்பாதையோ உள்ளவர், தவணை போக வீட்டுச் செலவு இடிக்காதவர், தாயார் சிரமமில்லாமல் ஏறி இறங்கும் வண்டியாகப் பார்த்து, நான்கு சக்கர வகையாகவே வாங்கட்டும். பாதி விலைக்கு ஆசைப்பட்டு அந்தத் திறமை இல்லாததை வாங்குவதில் அவருக்குப் பிரயோஜனம் இல்லை. மார்க்கெட், கோவில், பள்ளிக்கூடம் என்று ஓடும் குடும்பத்துக்கு அடி கொஞ்சம் உயர்ந்த, ஐந்து பேர் தாராளமாக உட்காரும், நல்ல டிக்கி உள்ள சாதாரண பெட்ரோல் வண்டி போதும். தினமும் 3 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு இன்றைய டீசல் பொருந்தாது. அதன் புகைவடிகட்டி சூடேறிச் சுத்தமாக நீண்ட ஓட்டம் வேண்டும். இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். தோற்றத்துக்காகவே தார் பிடித்திருக்கிறது என்கிறீர்களா? அதுவும் தப்பில்லை. ஆசைக்கு வாங்குகிறோம் என்று தெரிந்து, ஆசைக்கு உரிய பணத்தில் வாங்குங்கள். ஆஸ்பத்திரிக்கு உரிய பணத்தில் வாங்காதீர்கள்.

சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, எல்லா வண்டி இடங்களின் அகலம், நீளம், உயரத்தை அளந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். புது வண்டி வாங்குபவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பின்னால் வரும் மனஸ்தாபம் அதில் பாதி குறையும். இரண்டு, மாவட்ட நிர்வாகம் அருவிகளில் குளிக்கத் தடை அறிவிக்கும் நாளிலும் கனமழை எச்சரிக்கை நாளிலும் நம் வாட்ஸ்அப் குழுவில் உடனே போடுங்கள். அன்றைக்கு வீட்டுப் பிள்ளைகள் வண்டிச் சாவியைக் கேட்டால், எங்கே போகிறாய், எந்த வழியாக என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். சந்தேகமாக இருந்தால் கொடுக்காதீர்கள்.

கணக்கு ஏதும் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் தவணை விவரம், விலைத் தாள் எடுத்துக்கொண்டு சாயங்காலம் வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து போடுவோம்.